‘கலைஞன் அப்படித்தான்’ என்னும் சாக்கு

தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மெல்லிசைக் குழுக்களாவது இருக்கும். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, ஆடி மாத அம்மன் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்க்கும் பாட்டு என்று அவற்றுக்கு வேலை வந்துகொண்டே இருக்கிறது. இந்தக் குழுக்களில் வாசிப்பவர்களிடமும் இவர்களை அழைப்பவர்களிடமும் ஒன்றுபோல ஊறிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. கையில் வித்தை இருந்தால் போதும்; நேரம், நடத்தை, கொடுத்த வாக்கு, கணக்கு வழக்கு எல்லாம் பிறகுதான். கீபோர்டு வாசிப்பவர் ஒரு மணி நேரம் பிந்தி வந்தாலும், பாடகர் வாய் நாற மேடையேறினாலும், கிட்டார்க்காரர் கடைசி நாளில் வேறு கச்சேரிக்குப் போய்விட்டாலும் சமாதானம் ஒன்றுதான்: “கலைஞன்னா கொஞ்சம் அப்படித்தான் இருப்பான். வாசிச்சா கேட்கணும் அவன் வாசிப்பை.”

இந்தச் சமாதானம் பெருந்தன்மைபோலத் தெரியும். உண்மையில் இது அநியாயத்துக்குத் துணைபோவது. ஒருவருடைய ஒழுங்கீனத்தின் விலையை அவர் கொடுப்பதில்லை; அவரோடு மேடையில் நிற்கும் மற்றவர்கள் கொடுக்கிறார்கள். அதிலும் மிகக் குறைவாகச் சம்பளம் வாங்குபவர்களே மிக அதிகமாகக் கொடுக்கிறார்கள். குழுவின் நட்சத்திரத்துக்குக் காட்டும் சலுகை தவில்காரருக்கோ, கோரஸ் பாடும் பெண்ணுக்கோ, மைக் செட் பையனுக்கோ கிடைப்பதில்லை. அவர்கள் பத்து நிமிடம் பிந்தினால் வசவுதான். ஆகவே ‘கலைஞன் அப்படித்தான்’ என்பது கலைஞர்கள் அனைவருக்கும் பொதுவான விதியாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆள் பார்த்துத் தரப்படும் சலுகை அது.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக முதலில் இழுக்கப்படுபவர்கள் பெரிய வித்துவான்கள். நாயன வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயர் இந்தப் பேச்சில் வராமல் இருப்பதில்லை. அவர் நினைத்தபோது வந்தார், நினைத்தபோது வாசித்தார், காத்திருந்த பெரிய மனிதர்களைப் பொருட்படுத்தவில்லை என்றெல்லாம் கதைகள் உலவுகின்றன. அந்தக் கதைகளில் எது உண்மை, எது பிற்காலத்தில் சேர்ந்தது என்று பிரிப்பது கடினம். ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தவை வேறு. உச்ச சுருதியில் ஒலித்த திமிரி நாயனத்தை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைவண்ணத்தில் உருவான, நீளம் கூடிய, சுருதி இறங்கிய பாரி நாயனத்தை நிலைநிறுத்தியவர் அவர். ஒரு கருவியின் நீளத்தையும் துளைகளையும் ஆசாரியோடு உட்கார்ந்து சரிபார்த்துச் சுருதியைச் சீர்செய்தவர், தொழிலில் அலட்சியத்துக்கு உதாரணம் ஆக முடியாது. நாயனக்காரர்களைக் கீழாக நடத்திய காலத்தில், தனக்கும் தன் வாத்தியத்துக்கும் உரிய மரியாதையைக் கேட்டு வாங்கியவரும் அவரே. அவருடைய கோபங்களைக் கதையாகச் சொல்பவர்கள், அவர் வாசித்த தோடி ராகத்துக்குப் பின்னால் இருந்த பல்லாண்டு சாதகத்தைக் கதையாகச் சொல்வதில்லை. பின்பற்ற எளிதாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மெல்லிசைக் குழுக்களைப் பொறுத்தவரை இன்னும் நெருக்கமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அவை மேடையில் வாசிக்கும் பாடல்கள் எப்படி உருவாயின என்பதே அது. 1950களிலும் 60களிலும் 70களிலும் வந்த திரைப்பாடல்களில் பெரும்பாலானவை பாடகரும் முழு வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைக்கப் பதிவானவை. பல்லவியிலிருந்து கடைசிச் சரணம்வரை சரியாக வந்து, முடியும் தறுவாயில் ஒரு வயலின்காரர் ஒரு ஸ்வரம் தப்பினால் பாட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து. ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பேரும் மறுபடி வாசிக்க வேண்டும். கால்ஷீட் கணக்கில் சம்பளம் வாங்கிய அந்த வாத்தியக்காரர்கள் நேரத்துக்கு வந்து, கொடுத்த நொட்டேஷனை எழுதிக்கொண்டு, ஒத்திகை பார்த்து, தப்பில்லாமல் வாசித்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனார்கள். அவர்களில் பலருடைய பெயர்கூட ரசிகர்களுக்குத் தெரியாது. இன்று ஊர் மேடையில் ஒரு கிட்டார் பிட்டை அச்சு அசலாக வாசித்துக் கைதட்டு வாங்குபவர், அந்தப் பிட்டை முதலில் வாசித்தவரின் ஒழுங்கின்மீது நின்றுகொண்டுதான் கைதட்டு வாங்குகிறார்.

1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரையிசைக்கு வந்த இளையராஜா, காலை 7 மணிக்கெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பவர் என்பது அவரோடு வாசித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். அந்த ஒழுங்கு வந்த இடத்தையும் பார்க்க வேண்டும். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராக வாசித்தவர் அவர். சென்னைக்கு வந்தபின் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவிலும் தம்பி கங்கை அமரன், அண்ணன் பாஸ்கர் ஆகியோரோடு வாசித்தவர். அதாவது உள்ளூர் குழுதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். தந்தை ஆர்.கே. சேகரை 1976இல் இழந்த ஏ.ஆர். ரஹ்மான், பதின்ம வயதிலேயே கீபோர்டு வாசித்துக் குடும்பத்துக்குச் சம்பாதித்தவர். சொன்ன நேரத்துக்கு வராத பையனை யாரும் இரண்டாம் முறை கூப்பிடாத தொழில் அது. ஒழுங்கு பிறகு வரும், முதலில் வித்தை வரட்டும் என்பவர்களுக்கு இந்த வாழ்க்கைகளில் இடமே இல்லை. இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பழகியவை.

நேரம் தவறுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் ஒரு கச்சேரியின் மாலைப் பொழுதைக் கவனிக்க வேண்டும். நோட்டீஸில் 6 மணி என்று போட்டிருக்கிறது. மைக் செட்காரர் மதியமே பெட்டிகளை இறக்கி, கேபிள் இழுத்து, 4 மணிக்குத் தயாராகிவிட்டார். டிரம்ஸ், தபேலா, ஆக்டோபேட் ஆகியவற்றுக்கு மைக் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பிறகு பேஸ் கிட்டார், கீபோர்டு, கடைசியில் பாடகர்களின் மைக் என்று வரிசையாகப் போகிறது சவுண்டு செக். கீபோர்டு வரவில்லை. கீபோர்டு இல்லாமல் பாடகருக்கு மானிட்டரில் சுருதி கேட்காது. பாடகருக்குக் கேட்காமல் மற்றவர்களின் அளவை முடிவுசெய்ய முடியாது. ஒருவருக்காக எல்லோரும் மேடையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் 6.45க்கு வந்து சேர, செக் இல்லாமலே முதல் பாட்டு 7.15க்குத் தொடங்குகிறது. முதல் மூன்று பாட்டுகள் சவுண்டு செக்காகவே ஓடிவிடுகின்றன. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது அந்த மூன்றைத்தான். பிறகு அவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள்.

மறுமுனையில் சட்டம் நிற்கிறது. ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12வரை தளர்த்தலாம். மற்ற நாள்களில் 10 அடித்தால் போலீஸ்காரர் மேடையருகே வந்து நிற்பார். முன்பெல்லாம் பிந்தித் தொடங்கினால் பிந்தி முடிக்கலாம். இப்போது தொடக்கத்தில் போன ஒன்றேகால் மணி நேரம் போனதுதான். விடுபட்ட பாட்டுகளில் பெண்ணின் அப்பா ஆசையாகச் சொல்லிவைத்த பழைய பாட்டும் இருக்கும். அவர் பாக்கித் தொகையில் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடித்தம் கீபோர்டுக்காரர் தலையில் மட்டுமா விழுகிறது? பத்துப் பேர் கொண்ட குழுவில் எல்லோருடைய கூலியிலும் குறைகிறது. அன்றாடம் வேறு வேலை பார்த்துவிட்டு இந்த வருமானத்தை நம்பி வந்த தபேலாக்காரர் வீட்டுக்குக் குறைவாகக் கொண்டுபோகிறார். அவர் 4 மணிக்கே வந்தவர்.

கல்யாண வீட்டு நாயனக்காரர்களிடம் இந்தச் சாக்கு செல்லுபடி ஆவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முகூர்த்த நேரம் யாருக்காகவும் தள்ளிப் போகாது. தாலி கட்டும் கணத்தில் கையசைவு வந்தால் கெட்டி மேளம் அந்த நொடியே எழ வேண்டும். கோயிலில் சாமி புறப்படும்போது மல்லாரி ஒலிக்க வேண்டும். வித்துவான் இன்னும் பேருந்தில் வருகிறார் என்று சாமியை நிறுத்திவைக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக அந்த நேரக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுதான் நாயனமும் தவிலும் இவ்வளவு பெரிய கற்பனைச் செல்வத்தைச் சேர்த்திருக்கின்றன. நேரத்துக்கு வருவது கலைஞனின் இயல்புக்கு ஒவ்வாது என்று சொல்பவர்கள் ஒரு கிராமத்துக் கோயில் மேளத்தைப் போய்ப் பார்க்கலாம்.

பாட்டுக்குத் தயாராகி வருவதைப் பற்றியும் இதே அலட்சியம் உண்டு. ‘கேட்ட பாட்டுதானே, மேடையில பிடிச்சுக்கலாம்’ என்பது அதன் வாய்மொழி. ஒத்திகை என்பது பாட்டைக் கற்றுக்கொள்ளும் இடமல்ல. பட்டியல் கைக்கு வந்ததும் அவரவர் வீட்டில் கேட்டு, இடையிசையை எழுதி, பழகி வர வேண்டும். ஒத்திகையில் அவற்றை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். வீட்டுப்பாடத்தை ஒத்திகையில் செய்பவர் மற்ற ஒன்பது பேரின் மாலையைத் தின்கிறார். ஒத்திகைக்குச் சம்பளம் தராத குழுக்களே அதிகம் என்பதால் அந்த மாலை அவர்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்த மாலை.

சுருதி விஷயம் இன்னும் கூர்மையானது. வெளியார் இதை அறிய வாய்ப்பில்லை. ஒத்திகைக்கு வராத பாடகர் மேடையில் மைக்கை மூடிக்கொண்டு, “தொண்டை சரியில்லை, அரைக் கட்டை குறைச்சுக்கலாம்” என்கிறார். கேட்பதற்குச் சின்ன விஷயம். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு முறை அழுத்துகிறார். அவர் வேலை முடிந்தது. கிட்டார்க்காரர் கார்டுகளை மனத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். திறந்த தந்தியில் அழகாக விழுந்த பிட் இப்போது விரலுக்கு எட்டாது. புல்லாங்குழலுக்கு அந்த வசதியும் இல்லை. ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குழல். ஐந்து கட்டைக்கு எடுத்து வந்த குழலில் நாலரைக் கட்டைப் பாட்டை வாசிப்பதென்றால் பாதித் துளை மூடியே பல ஸ்வரங்களைப் பிடிக்க வேண்டும். பையில் வேறு குழல் இல்லையென்றால் இடையிசையில் அவர் நிறம் கெட்டுத் தெரிவார். வலது கைத் தபேலா பாட்டின் சுருதிக்குச் சேர்க்கப்பட்டது. சுத்தியலால் விளிம்பைத் தட்டி ஓரளவு ஏற்றி இறக்கலாம்; அதற்கு நேரம் வேண்டும். இங்கே அறிவிப்பாளர் அடுத்த பாட்டைச் சொல்லி முடித்துவிட்டார். அன்றிரவு பாட்டைக் கேட்டவர்கள், “பாடினவர் பிரமாதம், குழல்தான் கொஞ்சம் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ஒத்திகைக்கு வராதவருக்குப் புகழ், குறித்த கட்டைக்குச் சரியான குழல் கொண்டுவந்தவருக்குக் கெட்ட பெயர்.

தொண்டை கட்டுவது யாருக்கும் நேரும். முந்தின நாளே ஒரு போன் செய்து சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. தொழில்முறை நடத்தை என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு போன்தான்.

மேடையில் ஒலி அளவு இன்னொரு சண்டைக்களம். தன் வாசிப்பு தனக்குக் கேட்கவில்லை என்று கிட்டார்க்காரர் ஆம்பிளிஃபையரைக் கூட்டுவார். அது பாடகரின் குரலை அமுக்கும். பாடகர் மானிட்டரைக் கூட்டச் சொல்வார். மானிட்டர் கூடினால் மைக் கூவும். டிரம்ஸ் வாசிப்பவர் எல்லாவற்றுக்கும் மேலே கேட்க ஓங்கி அடிப்பார். மூன்றாவது பாட்டில் மிக்சரில் இருப்பவர் கைவிட்டுவிடுவார். காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு மின்திறன் வேண்டும் என்பது ஒலியியல். ஆகவே இந்தப் போட்டியில் யாரும் வெல்ல முடியாது. இழப்பது காதுகளை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரியில் டிரம்ஸுக்கு அடுத்து நிற்கும் பேஸ் கிட்டார்க்காரரின் செவி என்ன ஆகும் என்று கணக்கிடக் கடினமில்லை. தன் ஓசையைக் குறைத்துப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது இங்கே பணிவு அல்ல. வாசிப்பின் பாதி அதுதான். கூட்டு வாசிப்பில் பிறரைக் கேட்கத் தெரியாதவரை எவ்வளவு வேகமாக விரல் ஓடினாலும் நல்ல வாத்தியக்காரர் என்று ஏற்பதற்கில்லை.

குடி விஷயத்தில் இந்த நம்பிக்கை தன் கொடிய முகத்தைக் காட்டுகிறது. ‘ரெண்டு ரவுண்டு போட்டாதான் கை ஓடும்’ என்பது பல குழுக்களில் வேடிக்கைப் பேச்சுபோலச் சொல்லப்படுகிறது. குடித்தவருக்குத் தன் வாசிப்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும். தாளம் எங்கே இழுத்தது என்பது உடன் வாசிப்பவருக்குத்தான் தெரியும். அதைவிடப் பெரிது குழுவில் இருக்கும் பெண்களின் நிலை. ஒரு பாடகி கச்சேரி முடிந்து நள்ளிரவில், ஆறேழு ஆண்களோடு ஒரே வேனில், ஐம்பது அறுபது கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும். அந்த வேனில் இருவர் குடித்திருந்தால், ஒருவர் வாய் தவறினால், அவளால் எங்கே இறங்க முடியும்? ‘அவர் நல்ல மனுஷன்தான், குடிச்சா மட்டும்’ என்று மற்றவர்கள் சமாதானம் சொல்வார்கள். அடுத்த கச்சேரிக்கு அவள் வர மாட்டாள். வீட்டிலும் விட மாட்டார்கள். நல்ல குரல் இருந்தும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மேடையை விட்டுப்போன பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களை வெளியேற்றியதில் இந்தச் சமாதானத்துக்குப் பங்குண்டு. மேடைக்குப் பின்னால் குடி கிடையாது, பெண்களை முதலில் வீட்டு வாசலில் இறக்கிய பிறகே வேன் மற்றவர்கள் தெருவுக்குப் போகும் என்ற இரண்டு விதிகளைக் கறாராக வைத்திருக்கும் குழுக்களும் உண்டு. அங்கே பெண்கள் நிலைத்துப் பாடுகிறார்கள்.

ஒப்புக்கொண்ட தேதியைக் காப்பதைப் பார்க்கலாம். மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் கிடையாது. தை, வைகாசி, ஆவணி மாத முகூர்த்த நாள்களில் எல்லா மண்டபமும் நிறைந்திருக்கும். ஒரே நாளுக்கு நாலு குழுக்கள் ஒரே கிட்டார்க்காரரைக் கூப்பிடும். முதலில் கேட்டவருக்குச் சரி என்று சொல்லிவிட்டு, கூடுதல் தொகை வந்ததும் இங்கே ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்வது வாடிக்கை ஆகிவிட்டது. கூடுதல் வருமானத்துக்கு ஆசைப்படுவது குற்றமில்லை; ஆண்டில் சில மாதங்களே சம்பாதிக்க முடிகிற தொழிலில் அது இயற்கை. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. குழுத் தலைவரிடம் உள்ளதைச் சொல்லி, தனக்கு ஈடாக வாசிக்கக்கூடிய ஒருவரைத் தானே பேசி ஏற்பாடு செய்து, பாட்டுப் பட்டியலையும் குறிப்புகளையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். தலைவரும் சம்மதித்தால் அதில் ஒரு குறையும் இல்லை. கடைசி நாளில் பொய் சொல்லி ஒதுங்குவது மட்டும் கலைஞனின் குணமாகக் கொண்டாடப்படுகிறது. அதே காரியத்தை ஒரு சமையல் மாஸ்டர் கல்யாணத்துக்கு முதல் நாள் செய்தால் அவரை யாரும் கலைஞன் என்று விட்டுவிட மாட்டார்கள்.

‘நண்பர்கள் குழு, இதில் என்ன கணக்கு வழக்கு’ என்பதும் இந்த நம்பிக்கையின் கிளைதான். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே தெருக்காரர்கள் தொடங்கும் குழுக்களில் இது அதிகம். மொத்தத் தொகை எவ்வளவு, மைக் செட்டுக்கும் வண்டிக்கும் போனது எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டுவதை நட்புக்குக் குறைவாக நினைக்கிறார்கள். மனத்தாங்கல் அங்கேதான் முளைக்கிறது. தலைவர் நேர்மையாகவே பிரித்துக் கொடுத்தாலும், கணக்கு தெரியாதவர் மனத்தில் சந்தேகம் விழுந்தால் எடுக்க முடியாது. பல குழுக்கள் பாட்டு சரியில்லாமல் உடைவதில்லை. பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு உடைகின்றன.

இந்த நம்பிக்கையால் பெரிய ஆதாயம் அடைபவர்கள் கச்சேரி வைப்பவர்கள். கலைஞர்கள் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று ஒருமுறை நிலைநாட்டிவிட்டால், அவர்களிடம் கட்டுப்பாட்டோடு நடந்துகொள்ள வேண்டிய தேவை தங்களுக்கும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அட்வான்ஸ் கொடுத்தவர் பாக்கியைக் கச்சேரி முடிந்ததும் தராமல், “நாளைக்கு வாங்க, கணக்கு பார்த்துட்டு” என்பார். நாளை என்பது மாதமாகும். விருந்தில் எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, சாம்பார் ஆறி, பொரியல் தீர்ந்த பிறகு மேடைக்காரர்களுக்கு இலை போடுவார்கள். பேசிய மூன்று மணி நேரத்துக்குப் பதில் நாலு மணி நேரம் வாசிக்கச் சொல்வார்கள். இவையெல்லாம் ‘கூத்தாடி’ என்று ஏளனம் செய்த பழைய காலத்தின் மிச்சம். மேளக்காரரைத் திண்ணையில் நிறுத்திய அதே மனம்தான் இன்று கலைஞன் அப்படித்தான் என்று செல்லமும் கொடுக்கிறது. இரண்டிலும் அவன் வேலை செய்து கூலி வாங்கும் தொழிலாளி என்ற எண்ணம் இல்லை. செல்லத்தை ஏற்றுக்கொள்பவர் ஏளனத்தைத் தட்டிக்கேட்கும் உரிமையையும் சேர்த்து இழக்கிறார்.

ஆகவே எழுத்தில் ஒரு பக்க ஒப்பந்தம் இருப்பது கலைஞர்களுக்கே காப்பு. கச்சேரி தொடங்கும் நேரம், முடியும் நேரம், மைக் செட்டும் ஜெனரேட்டரும் யார் பொறுப்பு, சாப்பாடு எப்போது, மழை வந்து நின்றால் அட்வான்ஸ் என்ன ஆகும், பாக்கி எந்த நேரத்துக்குள் கைக்கு வர வேண்டும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பாட்டு உரிமை பற்றியும் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்தோடு சேர்ந்த விழாக்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம், 1957 விலக்கு தருகிறது; டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கு உரிமம் தேவை. 2017இல் தன் பாடல்களை மேடைகளில் பாடுவது குறித்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பிய பிறகு, இது தெரியாது என்று எந்தக் குழுவும் சொல்ல முடியாது. தான் சரியாக நடந்துகொள்ளும் குழு மட்டுமே ஒப்பந்தத்தைக் காட்டிப் பாக்கியைக் கேட்க முடியும். ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்த குழுவுக்கு அந்தத் தாள் எதிராளியின் கையில் ஆயுதமாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மதித்துப் பதில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சட்டதிட்டம் போட்டால் சங்கீதம் வறண்டுவிடும். உள்ளம் கிளர்ந்து வருவதை மணியடித்து வரவழைக்க முடியாது என்பது அது. உள்ளக் கிளர்ச்சி மணியடித்து வராது என்பது உண்மை. அது வரும்போது தடையில்லாமல் ஓட இடம் வேண்டும் என்பதும் உண்மைதான். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் மனம்போனபடி கணக்குகளைப் பின்னிப் பின்னிப் போகிறார். கடைசிக் கோர்வை எடுப்புக்கு மிகச்சரியாக வந்து விழுகிறது. சபை ஒரு மூச்சாக ஆஹா என்கிறது. அந்த ஆனந்தம் எங்கிருந்து வந்தது? தாளம் அசையாமல் நின்றதிலிருந்து. கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பாடகர் ஒரு அட்சரம் தடுமாறியிருந்தால் அத்தனை கற்பனையும் குழப்பமாகியிருக்கும். ஒருவர் துணிந்து பறக்க வேண்டுமானால் மற்றவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார்கள் என்ற உறுதி அவருக்கு வேண்டும். மெல்லிசையிலும் அப்படியே. டிரம்ஸ்காரர் எந்த இடத்தில் நிறுத்துவார் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் பாடகர் சரணத்தின் கடைசி வரியை இழுத்துச் சங்கதி போட முடியும்; தெரியாதவர் பயந்து பயந்து கேசட்டில் இருந்தபடியே பாடிவிட்டு இறங்குவார். ஒழுங்கில்லாத குழுக்களின் கச்சேரி உயிரில்லாமல் ஒரே மாதிரி இருப்பதன் காரணம் இதுதான்.

மேடையில் தவறு நேரும்போது நடந்துகொள்ளும் விதத்தையும் சொல்ல வேண்டும். சரணத்துக்குப் பதில் பாடகர் பல்லவிக்குத் தாவிவிட்டால் குழுவும் அவரோடு தாவ வேண்டும். திரும்பிப் பார்த்து முறைப்பதும், தலையில் அடித்துக்கொள்வதும், வாசிப்பை நிறுத்திக் கைகாட்டுவதும் கூடாது. பார்வையாளர்களில் பெரும்பாலோருக்குத் தவறு தெரிந்திருக்காது, முறைப்புதான் தெரியும். பேச வேண்டியதை அடுத்த ஒத்திகையில், தனியாக, இளையவராக இருந்தாலும் மரியாதையோடு பேசலாம். மற்றவர் தனி வாசிப்பின்போது செல்போனைப் பார்ப்பது, அடுத்த குழுவைப் பற்றி மண்டபத்தில் குறை சொல்வது, பேசிய தொகைக்குக் கீழே இறங்கிப் பக்கத்து ஊர்க் குழுவின் கச்சேரியைப் பிடிப்பது ஆகியவை சின்னத்தனங்கள், விரிக்கத் தேவையில்லை. ட்ராக் ஓடவிட்டு வாசிப்பதுபோல் நடிப்பது மட்டும் வேறு வகை. அது காசு கொடுத்தவரை ஏமாற்றுவது. ட்ராக் பயன்படுத்துவதில் தவறில்லை. அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அதற்கேற்பத் தொகையும் குறைய வேண்டும்.

ஒழுங்கை யார் கொண்டுவருவது என்றால், குழுத் தலைவர்தான். அதையும் அவர் கீழிருந்து தொடங்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்த பையன் கற்றுக்கொள்வது விதிகளிலிருந்து அல்ல. குழுவில் மிக நன்றாக வாசிப்பவர் எத்தனை மணிக்கு வருகிறார், அவரிடம் தலைவர் என்ன சொல்கிறார் என்பதிலிருந்து. பெரிய கைக்காரர் பிந்தி வந்தும் சிரிப்போடு வரவேற்கப்பட்டால், ஓராண்டில் எல்லோரும் பிந்தி வருவார்கள். ஆகவே அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் அவருடைய பங்கில் பிடிக்க வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் அவர் இல்லாமல் ஒரு கச்சேரி வாசிக்க வேண்டும். அன்று இரண்டு மூன்று கடினமான பாட்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட நேரலாம். மற்ற பாட்டுகள் 6 மணிக்குத் தொடங்கி 9.45க்கு முடியும், பேசிய பாக்கி முழுதாகக் கைக்கு வரும்.